மாதவிலக்கு நின்ற பின்... ஏறும் சர்க்கரை, இறங்கும் எலும்பு!

“அப்பாடா! மாசா மாசம் பட்ட தொல்லை விட்டுச்சு!”

மாதவிலக்கு நின்றதும் நம் வீட்டுப் பெண்கள் பெரும்பாலோர் இப்படித்தான் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். நியாயம்தான். ஆனால் அதே சமயத்தில் அழையாத விருந்தாளிகள் இருவர் சத்தமில்லாமல் உள்ளே நுழைகிறார்கள். ஒருவர் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாக உட்கார்ந்துகொண்டு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறார். இன்னொருவர் எலும்புக்குள் புகுந்து அரிக்கிறார். முதல் ஆசாமியைப் பற்றி இப்போது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது ஆசாமியைப் பற்றி, எலும்பு ஒடிந்த பிறகுதான் தெரிய வருகிறது.

“நான் யார் பேச்சைக் கேக்கறது டாக்டர்?”

புதுவையிலிருந்து திண்டிவனம் போகும் சாலையைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் உள்ள ஊர். வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். இந்த வட்டாரத்திலிருந்து 56 வயதுப் பெண்மணி ஒருவர் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு என்னிடம் வந்தார்.

“சுகர் டாக்டர் இனிப்பே கூடாதுன்னு சொல்லிட்டார். எங்க மாமியார், உளுந்தங்களி கிண்டிச் சாப்பிடலேன்னா இடுப்பு ஒடிஞ்சிடும்ங்கறாங்க. கருப்பட்டி போடாம களி ஏது? நான் யார் பேச்சைக் கேக்கறது டாக்டர்?”

அவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு பேச்சுக்கும் பயந்து, சாப்பாட்டையே பாதியாகக் குறைத்துவிட்டார். பாலை நிறுத்தினார். ராத்திரி இரண்டு இட்லியோடு சரி. சர்க்கரை குறைந்தது. எடையும் குறைந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். ஒருநாள் துவைக்கிற கல் பக்கத்தில் கால் வழுக்கிக் கையை ஊன்றினார். மணிக்கட்டு ஒடிந்தது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு ஒடிகிறது என்றால், அது வெறும் தரையின் குற்றமல்ல. எலும்பு மெலிந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாமியார் சொன்னதும் சரி, சர்க்கரை டாக்டர் சொன்னதும் சரி. இரண்டையும் ஒரே தட்டில் சேர்த்து வைக்க யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கொழுப்பும் எலும்பும் பங்காளிகள்!

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. மேல்நாட்டுப் பெண்களைவிட நாலைந்து ஆண்டு முன்னதாகவே! அப்போது சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

எலும்பு கல் மாதிரி அப்படியே கிடப்பதில்லை. பழைய எலும்பை அரித்து எடுக்க ஒரு கூட்டம், புதிதாகப் பூச ஒரு கூட்டம் என்று இரண்டு வகைச் செல்கள் உள்ளே ஓயாமல் வேலை செய்கின்றன. அரிக்கிற கூட்டத்தை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்ததும் அரிப்பு வேகமாகிறது, பூச்சு பின்தங்குகிறது. மாதவிலக்கு நிற்கும் சமயத்திலும், அதை அடுத்த சில ஆண்டுகளிலும்தான் எலும்பு மிக வேகமாகக் கரைகிறது.

அதே ஈஸ்ட்ரோஜன் குறைவால், இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. வயிற்றுக் கொழுப்பு கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை ஏறும். கெட்ட கொலஸ்ட்ராலும் கூடும்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? எலும்பைக் கட்டும் செல்லும், கொழுப்புச் செல்லும் மஜ்ஜையில் உள்ள ஒரே தாய்ச் செல்லிலிருந்து பிறப்பவை. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது தாய்ச் செல்கள் கொழுப்பின் பக்கம் அதிகம் சாய்கின்றன. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு குடியேறுகிறது.

சித்த மருத்துவத்தில் உடல் தாதுக்கள் ஏழு. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். ஒன்றிலிருந்து அடுத்தது போஷாக்குப் பெறுகிறது என்பது நம் கணக்கு. இந்த வரிசையில் கொழுப்புக்கு அடுத்த வீடு எலும்பு! நடுவில் ஒரு தாது கெட்டால் அடுத்ததும் கெடும் என்றார்கள் பெரியவர்கள். அவர்கள் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் ‘சர்க்கரை வேறு, எலும்பு வேறு’ என்று உடம்பைக் கூறு போடவும் இல்லை.

புதுவை வட்டாரமே, கவனி!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 11.4 பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் 14.4. புதுச்சேரியில் 26.3! கிட்டத்தட்ட நாலு பேருக்கு ஒருவர். நம் பக்கத்து ஊர் கணக்கு இது என்பதால்தான் சொல்கிறேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எலும்பில் ஒரு கூடுதல் ஆபத்தும் உண்டு. ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒடியும். சர்க்கரை ஊறிய எலும்பின் தரம் கெட்டுவிடுவதே காரணம். போதாக்குறைக்குக் கால் மரத்துப்போவது, பார்வை மங்குவது, திடீரென்று சர்க்கரை இறங்கிக் கிறுகிறுப்பது... எல்லாமே கீழே விழ வைக்கும் விஷயங்கள்.

தமிழக அரசு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலுக்கே வந்து கவனிக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் எலும்பைப் பற்றி நீங்களாகக் கேட்டால்தான் உண்டு.

மூட்டு வலியா, எலும்பு மெலிவா?

“எனக்கு எலும்புத் தேய்மானம் டாக்டர்” என்று முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்கள். அது மூட்டுத் தேய்மானம். மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, வலித்து, வீங்குவது. நான் சொல்வது வேறு. எலும்பு மெலிவு என்பது எலும்பு உள்ளுக்குள் சல்லடையாவது. அது வலிக்கவே வலிக்காது! முதல் அறிகுறியே முறிவுதான். மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பெலும்பு ஆகிய மூன்று இடங்களில்தான் அதிகம் ஒடியும். இடுப்பெலும்பு முறிவை லேசாக நினைக்கக் கூடாது. படுக்கையில் விழுந்த வயதானவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை. சிலர் எழுந்திருப்பதே இல்லை.

கூன் விழுவது, இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டர் குறைவது, தூக்கக் கூடாததைத் தூக்கியதும் முதுகில் ‘சுரீர்’ என்று வலித்து வாரக்கணக்கில் நீடிப்பது இவையெல்லாம் முதுகெலும்பு நொறுங்கியிருப்பதற்கான அடையாளம்.

இன்னொரு எச்சரிக்கை. மூட்டு வலிக்கு ‘மூன்றே நாளில் குணம்’ என்று பெயர் தெரியாத சூரணம், உருண்டை விற்கிறார்கள். சாப்பிட்டதும் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உப்பும். ஜாக்கிரதை! அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பையும் அரிக்கும். சித்த மருந்து என்ற பெயரில் வந்தாலும், லேபிள் இல்லாத, தயாரித்தவர் பெயர் இல்லாத மருந்தைத் தொடாதீர்கள். ஏற்கனவே பல மாதம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் காட்டிப் படிப்படியாக நிறுத்துங்கள்.

ஒரே தட்டில் இரண்டுக்கும் மருந்து

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நம் சமையலறையில் அது இல்லாமலா போய்விட்டது?

100 கிராமில் உள்ள கால்சியம், தோராயமாக:
எள் – 1,200 மில்லிகிராமுக்கு மேல்
கேழ்வரகு – 350
முருங்கைக்கீரை – 300-க்கு மேல்
கொள்ளு – 270
பசும்பால் – 120

ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர், மோர், ஒரு வேளை கேழ்வரகு, ஒரு கிண்ணம் கீரை, ஒரு மேசைக்கரண்டி எள்ளுப்பொடி, கொஞ்சம் பருப்பு அல்லது சுண்டல்... கணக்குப் போட்டுப் பாருங்கள், 1,200-ஐ நெருங்கிவிடும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நம் கடற்கரை நெத்திலி இருக்கவே இருக்கிறது. முள்ளோடு மென்று தின்னக்கூடிய மீன் அது.

சரி, கருப்பட்டிப் பிரச்னைக்கு வருவோம். பாட்டி காலத்து எலும்புப் பலகாரங்கள் எல்லாமே இனிப்பு. உளுந்தங்களி, எள்ளுருண்டை, கேழ்வரகு வெல்ல அடை. வயலில் பாடுபட்டவர்களுக்கு அந்த வெல்லம் செரித்தது. உட்கார்ந்து டி.வி. பார்க்கிற நமக்கு அது சர்க்கரைதான். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் ‘நல்ல சர்க்கரை’ என்று ஏமாறாதீர்கள். ரத்தத்தில் ஏறுவதில் எல்லாம் ஒன்றே. செய்ய வேண்டியது ஒன்றுதான். சத்தை வைத்துக்கொண்டு இனிப்பைக் கழற்றிவிடுங்கள்!

உளுந்தங்களி வேண்டாம், முழுக் கறுப்பு உளுந்தை வறுத்து, இஞ்சி, சீரகம், பூண்டு போட்டுக் காரக் கஞ்சியாகக் குடியுங்கள். எள்ளுருண்டை வேண்டாம், எள்ளுப்பொடியை இட்லிக்கும் காய்க்கும் தூவுங்கள். வெல்ல அடை வேண்டாம்; முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டுக் கேழ்வரகு அடை தட்டுங்கள்.

ஒரு விஷயம். கேழ்வரகு சர்க்கரைக்கு மருந்து என்று நினைத்துத் தண்ணீராகக் கஞ்சி காய்ச்சிச் சொம்பு நிறையக் குடிக்கிறார்கள். நைசாக அரைத்த மாவுக் கஞ்சி சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றிவிடும். அடையாகவோ களியாகவோ அளவாக, காயும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடுவதே நல்லது. முளைகட்டி அரைத்தால் கால்சியம் இன்னும் நன்றாக உடம்பில் சேரும்.

புரதத்தையும் மறக்கக் கூடாது. எலும்பின் சட்டமே புரதம்தான். எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் என்று கணக்கு வையுங்கள். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என்று மூன்று வேளையும் பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் எலும்பும் சேர்ந்து கரையும். குறைக்க வேண்டியது சோற்றின் மேட்டை. பாலையும் பருப்பையும் அல்ல.

உப்பு விளையும் கரையில்...

இரும்பையில் கடுவெளிச் சித்தர் தவம் செய்த கதையைச் சொல்வார்கள். பழுத்து விழும் இலைகளை மட்டுமே உண்டு அவர் தவம் இருந்தாராம். அந்தத் தவத்தைக் கலைக்க வந்த ஆடல் மங்கை, இலைக்குப் பதிலாக அப்பளத்தை அவர் கையில் வைத்தாளாம். உப்பு ருசி நாக்கில் பட்டதும் சித்தரின் தவமே ஆட்டம் கண்டது!

சித்தருக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்? அப்பளம், ஊறுகாய், வற்றல், கருவாடு இல்லாமல் நமக்குச் சோறு இறங்குவதில்லை. உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பது தெரியும். அது கால்சியத்தையும் கையோடு இழுத்துக்கொண்டு போகும் என்பது தெரியுமா? சுமார் 6 கிராம் உப்பு சிறுநீரில் வெளியேறும்போது ஏறக்குறைய 40 மில்லிகிராம் கால்சியத்தையும் சேர்த்துக்கொண்டு போகிறது. நாள்தோறும், வருஷக்கணக்கில் என்று பெருக்கிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு இல்லாமல் முடியாது என்றால் எப்போதாவது, நன்றாக ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவிச் சமையுங்கள்.

உப்பளத்தில் கொளுத்தும் வெயிலில் வேலை செய்யும் பெண்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. வியர்வையில் அவர்களுக்கு உப்பும் தண்ணீரும் ஏராளமாகப் போகிறது. அவர்கள் உப்பைக் கடுமையாகக் குறைத்துக்கொள்வதற்கு முன் ரத்த அழுத்தத்தைப் பார்த்து டாக்டரிடம் கேட்க வேண்டும்.

எந்த வெயில் நல்ல வெயில்?

கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். ‘இளம் வெயில் உடம்புக்கு நல்லது’ என்று காலை ஆறரை மணிக்கு நிற்கிறார்கள். மனசுக்கு இதம். ஆனால் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்கள் அப்போது மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே சரியான நேரம். வாரத்தில் மூன்று நாலு நாள், காலை 10 மணிக்கு மேல் 20 முதல் 30 நிமிடம் கையிலும் முகத்திலும் வெயில் பட நின்றால் நல்லது. வடகம் காயப் போடும் வேலையை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்களேன்!

“நாள் பூரா வெயில்லதானே இருக்கோம்” என்று உப்பளத்துப் பெண்கள் நினைக்கலாம். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு என்று போர்த்திக்கொண்டால் தோலில் வெயில் படுவது கொஞ்சம்தான். சர்க்கரை நோய், கருத்த நிறம், வயது எல்லாம் சேர்ந்தால் வெயில் மட்டும் போதாமலும் போகலாம். ரத்தத்தில் வைட்டமின் டி பார்த்து மாத்திரை எடுப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

சுமை பட்டால்தான் எலும்பு வலுக்கும்

எலும்பு ஒரு விசித்திரப் பிறவி. சுமை கொடுத்தால் வலுக்கும், ஓய்வு கொடுத்தால் கரையும். தசைக்கு வேலை கொடுத்தால் அது சர்க்கரையையும் உறிஞ்சிக்கொள்ளும். ஒரே உடற்பயிற்சியில் இரண்டு லாபம்!

தினமும் அரை மணி வேகநடை. வாரம் இரண்டு மூன்று நாள் தசைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருப்பது 10 தடவை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 தடவை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைக் கையில் பிடித்துத் தோள் வரை தூக்குவது 10 தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது அரை நிமிடம். மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஏற்கனவே எலும்பு மெலிந்தவர்கள் முன்பக்கம் குனிந்து கால் விரலைத் தொடும் ஆசனங்களையும், குனிந்தபடி குடம் தூக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

சித்த மருத்துவம் என்ன செய்யும்?

எலும்புக்கு நம் முதல் மூலிகை பிரண்டை. வச்சிரவல்லி என்றும் பெயர். முறிவு கூடுவதற்கு வழிவழியாகப் பயன்படுவது. விலங்குகளில் செய்த ஆய்வுகளிலும் எலும்பு கூடுவதற்கு உதவுவது தெரிந்திருக்கிறது. அதற்காக ‘பிரண்டை தின்றால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று நான் சொல்ல மாட்டேன். உணவோடு உணவாக வாரம் இரண்டு நாள் துவையல் நல்லது.

செய்முறை: இளம் பிரண்டையைக் கணு நீக்கி, நார் உரித்துக்கொள்ளுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் அரிக்காது. நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்குங்கள். உளுத்தம்பருப்பு, எள், மிளகாய், கொஞ்சம் தேங்காய் தனியே வறுத்து, புளி சேர்த்து அரையுங்கள். சரியாக வதக்காமலோ, புளி இல்லாமலோ அரைத்தால் தொண்டை அரிக்கும்.

சங்கு, முத்துச்சிப்பி முதலியவற்றில் செய்யும் பற்பங்களும் உண்டு. அவையும் சுண்ணச் சத்துதான். ஏற்கனவே கால்சியம் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதோடு இதையும் தாங்களாகச் சேர்த்துக்கொண்டால் அளவு மிஞ்சும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு வம்பு. பட்டம் பெற்ற மருத்துவர் தந்தால் மட்டும், தந்த அளவில் மட்டும். சித்த மருந்து சாப்பிடுகிறேன் என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. எலும்பு மெலிந்தவர்கள் முதுகில் நெட்டி முறிப்பது, மிதிப்பது, அழுத்தித் தடவுவது எதுவும் வேண்டாம். வாரம் ஒருமுறை இதமாக எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம். குளித்த பின் பாத்ரூம் தரையிலுள்ள எண்ணெயை முதலில் கழுவிவிடுங்கள்!

வருடம் ஒருமுறை பாருங்கள்

* இடுப்புச் சுற்றளவு: 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.
* உயரம்: சுவரில் கோடு போட்டுக் குறித்து வையுங்கள்.
* மூன்று மாதச் சராசரி சர்க்கரை: 5.7-க்குக் கீழே இருந்தால் நல்லது. 6.5-ம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு.
* ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால்.
* டெக்ஸா ஸ்கேன்: 65 வயதில் எல்லோருக்கும். சீக்கிரம் மாதவிலக்கு நின்றவர்கள், ஒருமுறை முறிவு கண்டவர்கள், ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், தாய்க்கு இடுப்பெலும்பு ஒடிந்தவர்கள் முன்னதாகவே. இதை ஆண்டுதோறும் எடுக்கத் தேவையில்லை. டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்பு மெலிவு நோய். அதற்கு இப்போது நல்ல அலோபதி மருந்துகள் உண்டு. துவையலை நம்பி அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் கேட்கிறீர்கள்

“38 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டேன். எனக்கும் இது பொருந்துமா?”
சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால் நிச்சயம் பொருந்தும். உங்களுக்கு 38-லேயே ஈஸ்ட்ரோஜன் நின்றுவிட்டது. பழைய ஆபரேஷன் சீட்டை எடுத்துப் பாருங்கள். மகப்பேறு மருத்துவரிடம் ஹார்மோன் சிகிச்சை பற்றியும் எலும்புப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

“எல்லோரும் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் என்ன?”
2002-ல் வெளிவந்த அமெரிக்கப் பெரிய ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எலும்பு முறிவைக் குறைத்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டியது. ஆகவே எல்லோருக்கும் அல்ல. யாருக்குத் தேவை, எத்தனை நாள் என்பதை டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

“தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சாப்பிடுகிறேன். சேர்த்துப் போடலாமா?”
கூடாது. நாலு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தைச் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாமல் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் அம்மா கடைசியில்தான் சாப்பிடுவாள். பால் பேரனுக்கு, முட்டை பிள்ளைக்கு, மீன் வீட்டுக்காரருக்கு. மிஞ்சிய சோறும் ஊறுகாயும் அவளுக்கு! வயிறு பெருத்து எலும்பு மெலிவதற்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு வேறு இல்லை. ஆகவே அம்மாக்களே, இன்று ராத்திரி உங்கள் டம்ளர் மோரையும் உங்கள் பங்குப் பருப்பையும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள்.